வேலி மேயும் பயிர்: தனுஷ்கோடிச் சாலையில் ரேடியேட்டர் கார்டு

ரேடியேட்டர் கார்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கல்லைப் பற்றித்தான் பேசுகிறார்கள். முன்னால் போகிற லாரியின் டயர் கிளப்பிவிட்ட ஜல்லி, ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியக் குழாயில் பட்டு, கூலன்ட் ஒழுகி, வண்டி நடுவழியில் நின்ற கதை. கதையில் பொய் இல்லை. லடாக்கில் சரளைப் பாதையில் நாலு பைக்குகள் வரிசையாகப் போனால், பின்னால் போகிறவருக்கு அந்த வலை தேவைதான். ஆனால் அதே கார்டோடு ராமேஸ்வரம் தாண்டி அரிச்சல்முனைக்கு வருகிற பைக்குகளைப் பார்த்தால் கேள்வி வேறு மாதிரி ஆகிவிடுகிறது. இங்கே எதிலிருந்து எதைக் காப்பாற்றுகிறோம்?

நம்மூர் பைக்குகளில் ரேடியேட்டர் என்பதே சமீபத்திய விஷயம். 2008-ல் யமஹா ஆர்15 வந்தது. 2012-ல் டியூக் 200-ம் பல்சர் என்எஸ்200-ம் வந்தபிறகு அது பரவலாச்சு. 2023-ல் ஹிமாலயன் 450-க்கும் வந்துவிட்டது. கூடவே கார்டு வியாபாரமும் வளர்ந்தது. பாலைவன ரேஸ், மலைப்பாதை என்று வேறு நிலங்களுக்காகப் பிறந்த பொருள், அப்படியே கடற்கரைக்கும் விற்கப்படுகிறது. என் புகார் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-ல் தார்ச் சாலை திறந்தாச்சு. வேன்கள் மணலில் உருண்டு புரண்டு போன காலம் முடிந்தது. இந்தச் சாலையில் கல் எதிரி இல்லை. மணல்தான் எதிரி. மணல் என்றாலே 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த துகள் என்பதுதான் மண்ணியலில் கணக்கு. தனுஷ்கோடியில் காற்று தூக்கி வருவது அதைவிடவும் பொடிசு. தேன்கூடு டிசைனில் வெட்டிய கார்டின் ஓட்டைகள் அதைவிடப் பெரியவை. ஆக, தடுக்கவே தடுக்காது.

இன்னொன்றும் உண்டு. இந்த நிலமுனை வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் மணல் சாலைக்குக் குறுக்கே பாய்கிறது. கார்டு மறைப்பதோ முன்பக்கத்தை. பக்கவாட்டில் வருகிற மணல் கார்டுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கார்டு இல்லாத வண்டியில் கொஞ்சமாவது உதிர்ந்து போயிருக்கும். இங்கே அதற்கு ஒரு பை தைத்துக் கொடுத்திருக்கிறோம்.

அந்த மணல் வெறும் மணலாக இருந்தால்கூடப் பரவாயில்லை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு போகாது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிகிறதே, அதே சங்கதி. வண்டி மதுரைக்கோ சென்னைக்கோ திரும்பி ஷெட்டில் நின்ற பிறகும், ஈர இரவுகளில் அந்த இடுக்கில் உப்புத்தண்ணீர் மறுபடி உருவாகிக்கொண்டே இருக்கும்.

இப்போது உலோகத்துக்கு வருவோம். ரேடியேட்டர் அலுமினியம். கார்டு பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே உப்புத்தண்ணீர் இருந்தால் அது ஒரு பேட்டரி. பள்ளியில் படித்ததுதான். இந்த ஜோடியில் கரைவது எப்போதும் அலுமினியம். ஸ்டீல் பளபளவென்று அப்படியே இருக்கும், பார்க்கிறவர் ‘நல்ல கார்டு’ என்பார். ரேடியேட்டருக்குக் கறுப்புப் பெயிண்ட் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் கார்டு அதிரும்போது தொடுகிற இடத்தில் முதலில் உரசிப் போவது அந்தப் பெயிண்ட்தான். பெயிண்ட் போன சின்னப் புள்ளிக்கு எதிரே பெரிய ஸ்டீல் பரப்பு இருந்தால் அரிப்பு அந்தப் புள்ளியில் குவியும். நியாயமாகச் சொன்னால், ரேடியேட்டர் முழுவதும் கரைந்துபோகாது; தொடும் இடத்தைச் சுற்றிக் கொஞ்ச தூரம்தான் பாதிப்பு. ஆனால் ஒழுகுவதற்கு ஓர் ஊசித்துளை போதுமே. வேலியே பயிரை மேய்வது என்பார்களே, அதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கரையின் உப்பு லேசுப்பட்டதில்லை என்பது எஞ்சினியர்களுக்குத் தெரியும். காரைக்குடியில் 1953-லிருந்து இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அரிப்பைப் பற்றி ஆராய மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருப்பது சும்மா இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் சிறப்புப் பூச்சு, துருப்பிடிக்காத கம்பி, முழுக்க வெல்டிங் செய்த இணைப்புகள் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். இடுக்கு இருந்தால் உப்பு குடியேறும் என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பாலத்துக்குப் பக்கத்துப் பாலத்தில் பைக்கில் வருகிற நாமோ, காசு கொடுத்து இடுக்கு வாங்கி மாட்டிக்கொண்டு வருகிறோம்.

காற்றோட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. நெடுஞ்சாலையில் 80-ல் போகும்போது கார்டு பெரிதாக எதையும் கெடுக்காது. அமாவாசை நாட்களில் வண்டிகள் ஊர்ந்து நிற்கிற இந்தச் சாலையில் ஃபேன் மட்டும்தான் துணை. பாதி மூடிய வலையும், உள்ளே அப்பிய மணலும் அந்த நேரத்தில்தான் உறைக்கும். கார்டின் பரப்பில் எத்தனை சதவீதம் திறப்பு என்பதுதான் பெட்டியின் மேல் எழுத வேண்டிய எண். வாங்கும்போது கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கடையில் லோகோவைத்தான் விற்கிறார்கள்.

அப்படியென்றால் போடவே கூடாதா? சரளைப் பாதையும் ஓட்டுகிறவர் போடலாம், ஆனால் மாட்டும் விதம் முக்கியம். முடிந்தால் அலுமினியம் அல்லது நைலான் கார்டு. ஸ்டீல்தான் என்றால் தொடும் இடமெல்லாம் ரப்பர் அல்லது நைலான் வாஷர். கம்பெனி கொடுத்த ரப்பர் புஷ்ஷைக் கழற்றிவிட்டு, கார்டின் காதை நேராக ரேடியேட்டரோடு சேர்த்து முறுக்குகிற மெக்கானிக்கை அங்கேயே நிறுத்துங்கள். அந்த ரப்பர் அதிர்வுக்காக வைத்தது, உலோகத்தைப் பிரிப்பதும் அதுவே. முன் ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது மட்கார்டு வந்து கார்டில் இடிக்காமல் இடைவெளி இருக்கிறதா என்றும் பார்க்கணும்.

எல்லாவற்றையும்விட, ஐந்து நிமிடத்தில் கழற்ற முடிய வேண்டும். டேங்க்கையோ ஃபேரிங்கையோ கழற்றினால்தான் கைக்கு வரும் கார்டு இந்தக் கரைக்கு ஆகாது. அரிச்சல்முனையிலிருந்து திரும்பிய அன்றே, எஞ்சின் ஆறியபிறகு, கார்டைக் கழற்றி, நல்ல தண்ணீரைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவாக ஊற்றிக் கழுவணும். வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷர் குழாயை அந்த மெல்லிய தகடுகள் மேல் நேராகப் பிடித்தால் மடங்கிவிடும். பிறகு கல்லும் வேண்டாம், உப்பும் வேண்டாம்.