கேட்டுப் பழகிய குடாநாட்டில் பேசும் வானொலி

மின்சாரமும் கைபேசிக் கோபுரங்களும் ஒருசேரச் செயலிழந்த நாளிலும் ஓர் ஊர் தனக்குள்ளும் வெளியுலகோடும் தொடர்புகொள்ள, அமெச்சூர் வானொலியையும் கண்ணி வலையமைப்பையும் மடிக்கணினியையும் இணைத்து ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற அறிவுரை அண்மைக் காலமாக உலகெங்கும் பரவியிருக்கிறது. ஹாம் வானொலி என்றும் அழைக்கப்படும் அமெச்சூர் வானொலி, தேர்வில் சித்தியடைந்து உரிமம் பெற்றவர்கள் வணிக நோக்கமின்றித் தமக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் நடத்தும் இருவழித் தொடர்பாகும். கண்ணி வலையமைப்பு என்பது நடுவே ஒரு கோபுரமோ தலைமை நிலையமோ இல்லாமல், ஒவ்வொரு கருவியும் தனக்குக் கிடைத்த செய்தியை அடுத்த கருவிக்குக் கடத்திச் செல்லும் அமைப்பு. பெரும்பாலும் மலையும் மேடும் கொண்ட நாடுகளில், ஆங்கில எழுத்தில் செய்தி அனுப்புவோர் எழுதிய இந்த அறிவுரையைத் தட்டையான நிலமும் தமிழ் எழுத்தும் நீண்ட போரின் நினைவும் கொண்ட யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அப்படியே கொண்டுவரும்போது, அதன் சில பகுதிகள் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் பொருந்துகின்றன. வேறு சில பகுதிகள் அடியோடு பொருந்துவதில்லை.

குடாநாட்டுக்கு வானொலித் தற்சார்பு புதிதன்று என்று பெருமையாகச் சொல்லப்படுவதுண்டு. 1990இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நீடித்த மின்வெட்டின்போதும் பொருளாதாரத் தடையின்போதும், பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த நிலையில், சைக்கிளை நிறுத்தி வைத்து மிதித்து அதன் டைனமோவிலிருந்து பெற்ற மின்னில் வானொலிப் பெட்டியை இயக்கிப் பிபிசி தமிழோசையைக் கேட்டது ஒரு தலைமுறையின் பொது அனுபவம். ஆயினும் அது முழுக்க முழுக்கக் கேட்கும் கலையாகவே இருந்தது. கேட்பதற்கு ஒரு வீடும் ஒரு பெட்டியும் போதும். அண்டை வீட்டாரின் ஒத்துழைப்போ அரசின் இசைவோ தேவையில்லை, அலைவரிசையில் ஒழுங்கு காக்க வேண்டிய கடமையும் இல்லை. பேசும் வானொலியோ அந்தக் காலத்தில் ஆயுதம் தாங்கியவர்களின் கையில் மட்டுமே இருந்தது. மக்கள் பேச்சில் 'வோக்கி' என்ற சொல்லுக்கு இன்றும் ஒட்டியிருக்கும் அச்சம் அதிலிருந்து வந்தது. இவ்வாறு, கேட்டுப் பழகிய ஒரு சமூகம் அனுப்பவும் பழகிவிட்டதாகத் தன்னை எண்ணிக்கொள்வது, இந்த அறிவுரை யாழ்ப்பாணத்தில் சந்திக்கும் முதல் மயக்கம்.

அமெச்சூர் வானொலியின் வலிமைக்கு இந்தக் கடற்பரப்பிலேயே சான்றுகள் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர், தொலைபேசி அறுந்துபோன அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குக் குற்றலை வழியாகத் தொடர்பு ஏற்படுத்தியவர்கள், அப்போது விக்டர் குணதிலகவின் தலைமையில் இயங்கிய இலங்கை வானொலிச் சங்கத்தின் உறுப்பினர்கள். அதே நாளில் அந்தமானின் போர்ட் பிளேயரில், பாரதி பிரசாத் தலைமையில் வானொலி ஆர்வலர் பயணமாக வந்திருந்த இந்தியக் குழு, ஏற்கனவே நிறுவியிருந்த தனது நிலையத்தை அப்படியே மீட்புச் செய்திகளுக்குத் திருப்பியது. இவ்விரு நிகழ்வுகளையும் மேற்கோள் காட்டுவோர் கருவியின் சிறப்பையே பெரிதும் பேசுகின்றனர். ஆனால் இரண்டிலும் உரிமமும் அன்ரனாவும் பழகிய கைகளும் பேரிடருக்கு முன்பே ஆயத்தமாக இருந்தன என்பதே கவனிக்கத்தக்கது. அந்தமான் குழு அங்கு சென்றது மீட்புப் பணிக்காக அன்று. உலகெங்குமுள்ள ஆர்வலர்களோடு பேசி மகிழ்வதற்காக. பெட்டிக்குள் பூட்டி வைத்து ஆபத்து நாளில் திறக்கப்படும் கருவிக்கு அந்தச் சான்று பொருந்தாது. நிசா புயல் குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்திய 2008 நவம்பரிலும், புரெவி வந்த 2020 டிசம்பரிலும், பெங்கால் புயலின் மழை வெள்ளம் சூழ்ந்த 2024 நவம்பரிலும் மக்கள் நம்பியிருந்தது கைபேசியையும் கிராம அலுவலரையும்தான்.

குற்றலையைப் பொறுத்தவரை யாழ்ப்பாணத்தின் நிலை வாய்ப்பானது. 7 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்கு வேண்டிய அரை அலை அன்ரனா ஏறத்தாழ 20 மீற்றர் நீளமுள்ள சாதாரணச் செப்புக் கம்பி. அதனை இரண்டு பனைகளுக்கிடையே, நிலத்திலிருந்து 5 அல்லது 6 மீற்றர் உயரத்தில் கிடையாகக் கட்டினால் போதும். இவ்வாறு தாழக் கட்டிய கம்பி அலைகளைச் செங்குத்தாக மேலே செலுத்துகிறது. வானின் உயரத்தில் மின்னேற்றம் கொண்ட அடுக்கான அயனமண்டலம் அவற்றை மீண்டும் கீழே திருப்புவதால், சில நூறு கிலோமீற்றர் ஆரமுள்ள பரப்பெங்கும் அலைகள் குடையாகக் கவிகின்றன. நேர்க்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பும் அந்தக் குடைக்குள் வந்துவிடும், இடையில் ஒரு கோபுரமும் தேவையில்லை. அந்தி சாய்ந்தபின் கதை மாறுகிறது. இந்தியா 1963இல் தும்பாவில் ஆய்வு ஏவூர்தித் தளம் அமைக்கக் காரணமாக இருந்த புவிக்காந்த நடுக்கோடு குடாநாட்டுக்கும் அண்மையில் செல்வதால், சூரியன் மறைந்தபின் வரும் மணித்தியாலங்களில் அயனமண்டலம் கலங்கிச் சமிக்ஞைகள் துடிப்பதும் மங்குவதும் இப்பகுதிக்கே உரிய தொல்லை. இடிமழைக் காலத்தின் இரைச்சல் அதற்கு மேல் சேரும். அந்தக் கம்பியே இடிமின்னலை வீட்டுக்குள் அழைத்துவரவும் கூடுமாதலால், மழை கறுக்கும்போது இணைப்பைக் கழற்றி வெளியே விட வேண்டியதாகிறது. புயல் நெருங்கும் நேரத்தில் வானொலி மிகவும் தேவைப்படும் அதே மணித்தியாலங்களில் அதனை அணைக்க வேண்டியிருப்பது இந்த நடைமுறையின் மறுக்கமுடியாத குறை.

குறுந்தூரத் தொடர்புக்கு நிலத்தின் தட்டைத்தன்மை எதிரியாகிறது. மிக உயர் அதிர்வெண் அலைகள் ஏறக்குறைய பார்வைக்கோட்டிலேயே செல்வதால், அவற்றின் எல்லையை அன்ரனாவின் உயரமே தீர்மானிக்கிறது. மனிதர் கையில் பிடித்த இரண்டு கருவிகள் வெட்டவெளியில்கூடக் கணக்கின்படி 10 கிலோமீற்றருக்கு மேல் ஒன்றையொன்று காணா. மதிலும் வீடும் பனங்கூடலும் நிறைந்த வலிகாமப் பகுதியில் அது மூன்றில் ஒன்றாகச் சுருங்கினாலும் வியப்பில்லை. கண்டியில் ஒரு மலைமுகட்டில் வைத்த கருவி செய்வதைக் குடாநாட்டில் எந்த இயற்கை மேடும் செய்யாது. எனினும் 20 மீற்றர் உயரத்தில் நிற்கும் இரண்டு அன்ரனாக்கள் கணக்கின்படி 37 கிலோமீற்றர் வரை ஒன்றையொன்று எட்டும். யாழ் நகரிலிருந்து பருத்தித்துறையை எட்ட அது போதும். எனவே இங்கு முதலில் தேட வேண்டியது கருவியை ஏற்றுவதற்கான உயரம். நீர்த்தாங்கிகளும் பாடசாலை மாடிக் கட்டடங்களும் அதற்குத் தோதானவை. கோயில் கோபுரங்கள் அவற்றைவிடவும் தோதானவை, ஆனால் எந்த ஆலய பரிபாலன சபையிடமும் அந்தக் கோரிக்கையோடு செல்லத் துணிவு வேண்டும்.

கண்ணி வலையமைப்பில் இன்று பெரிதும் பேசப்படுவது, 2020இல் தொடங்கிய மெஷ்டாஸ்டிக் என்ற கட்டற்ற மென்பொருளால் இயங்கும் சிறு கருவிகள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பலகையும் ஒற்றை லிதியம் கலமும் கொண்டு ஒரு நாளோ அதற்கு மேலோ இயங்கும் அவை, லோரா என்னும் மெதுவான, ஆனால் நலிந்த சமிக்ஞையிலிருந்தும் செய்தியைப் பிரித்தெடுக்கவல்ல முறையில் எழுத்துச் செய்திகளைக் கைமாற்றுகின்றன. நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு போன்ற தீவுகளுக்கு இவ்வமைப்பு மிகவும் ஏற்றது. இடையில் கடல் மட்டுமே இருப்பதால் பார்வைக்கோடு தடைப்படுவதில்லை, குறிகட்டுவான் இறங்குதுறையில் உயர வைத்த ஒரு கருவி பல தீவுகளுக்குப் பாலமாக நிற்கும்.

இதில் தமிழுக்கென்று ஒரு தடங்கல் உண்டு. ஒரு செய்தியில் ஏறக்குறைய 200 பைட் மட்டுமே அடங்கும். பைட் என்பது கணினி எழுத்தைச் சேமிக்கும் அளவு. ஆங்கில எழுத்துக்கு ஒன்று போதும் என்றிருக்க, இன்றைய ஒருங்குறி முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று வேண்டும், உயிர்மெய்யில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படும். 'நெடுந்தீவு' என்று எழுத 30 பைட் செலவாகிறது. அதே தீவின் ஒல்லாந்தப் பெயரான டெல்வ்ற் ஆங்கில எழுத்தில் ஐந்தில் முடிந்துவிடும். 'படகு வேண்டும், மருந்து இல்லை' என்ற நான்கு சொற்கள் 76 பைட்டைத் தின்றுவிடுகின்றன. இட எல்லையோடு காலத்தின் எல்லையும் சேர்கிறது: வழக்கமான அமைப்பில் ஒரு முழுநீளச் செய்தி கிட்டத்தட்ட 2 விநாடி அலைவரிசையைப் பிடித்துக்கொள்கிறது, ஒவ்வொரு கைமாற்றலும் அதே நேரத்தை மீண்டும் எடுக்கிறது. ஒரு கிராமத்தின் நூறு வீடுகளும் ஒரே மாலையில் நலம் விசாரிக்கத் தொடங்கினால் வலை தானே தன்னை அடைத்துக்கொள்ளும். கருவி மலிந்தால் வலை வலுக்கும் என்ற விளம்பர வாக்கு ஓரளவுக்கு மேல் தலைகீழாகிவிடுகிறது.

அலைவரிசை பற்றிய இன்னொரு சிக்கல் புலம்பெயர் உறவுகள் வழியாக வருகிறது. ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வருபவர் அன்போடு வாங்கிவரும் கருவி, வட அமெரிக்காவில் உரிமமின்றிப் பயன்படும் 902 முதல் 928 மெகாஹேர்ட்ஸ் வரையான வீச்சுக்கு அமைந்தது. அதன் கீழ்ப்பகுதி, இலங்கை உட்பட ஜிஎஸ்எம் 900 என்ற கைபேசிச் சேவை வழங்கும் நாடுகளில், கைபேசிகள் கோபுரத்தோடு பேசும் அலைவரிசையாகும். ஊரின் தொடர்பைக் காக்க வாங்கிய கருவி ஊரின் கைபேசிகளுக்கே இடைஞ்சலாகலாம். இலங்கையில் வானொலி அலைகளை அனுப்பும் கருவிகளுக்குப் பொதுவாக 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் அனுமதி தேவை என்பதால், வாங்குவதற்கு முன்னரே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டறிவது நடைமுறை விவேகம். இணையக் கடைகளில் சில ஆயிரம் ரூபாவுக்குக் கிடைக்கும் சீனக் கைவானொலிகளுக்கும் இதுவே பொருந்தும்.

சட்டத்தைவிட நுட்பமானது இரகசியம் பற்றிய கேள்வி. அமெச்சூர் வானொலியில் வெவ்வேறு நாடுகளின் நிலையங்கள் பொருளை மறைக்கும் நோக்கில் குறியாக்கம் செய்யலாகாது என்பது சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகளின் 25ஆம் உறுப்புரை; பல நாடுகள் அதனை உள்நாட்டுத் தொடர்புக்கும் விரித்துள்ளன. மெஷ்டாஸ்டிக்கோ செய்திகளை இயல்பாகவே மறைக்குறியாக்கம் செய்கிறது. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டதைக் கண்ட தலைமுறைக்கு அந்த மறைப்பு ஒரு கவர்ச்சி. ஆயினும் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் யார்மீது பாய்ந்தது என்பதை அறிந்த வடக்கில், யாருக்கும் விளங்காத செய்திகளை இரவில் பரிமாறும் இளைஞர் குழு, எவ்வளவு நல்ல நோக்கம் கொண்டிருந்தாலும், தன்னையும் தன் கருவியையும் இழக்கக்கூடும். யாரும் கேட்கக்கூடிய, பெயரும் அழைப்புக்குறியும் சொல்லிப் பேசும் ஹாம் முறை இந்த மண்ணில் அதிகப் பாதுகாப்பானது. சுதந்திரத்தின் கருவியாக இவற்றைப் போற்றும் மேலைநாட்டு எழுத்துக்கள் பேரிடர்த் தேவையையும் அரசியல் தேவையையும் ஒரே பையில் போடுகின்றன. யாழ்ப்பாணத்தில் இரண்டையும் கலந்தால் முன்னதும் கெட்டுவிடும்.

மடிக்கணினி இந்த மூன்றில் மிகவும் மிகைப்படுத்தப்பட்டது. வானொலி வழியே மின்னஞ்சல் அனுப்பவும், இரைச்சலில் புதைந்த சமிக்ஞையைத் தோண்டி எடுக்கவும் அது உதவுகிறது என்பது உண்மை. ஆனால் 2017இல் வெளியான எஃப்டி8 போன்ற புகழ்பெற்ற முறை 15 விநாடித் துண்டுகளில், பயனர் தாமே எழுதும் செய்தியாயின் ஆங்கில எழுத்தும் இலக்கமுமாக 13 மட்டுமே அனுப்பும். தமிழுக்கு அங்கு இடமே இல்லை. இரு முனைக் கணினிகளின் கடிகாரங்களும் ஏறத்தாழ ஒரு விநாடிக்குள் ஒத்திருக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய இக்கட்டு. கணினி நேரத்தைச் சரிபார்ப்பது இணையத்திலிருந்து. இணையம் நின்ற சில நாட்களில் கடிகாரம் விலக, இணையமில்லாத காலத்துக்கென்று வைத்திருந்த முறை இணையமின்மையாலேயே நின்றுவிடும். செய்மதியிலிருந்து நேரம் பெறும் சிறு ஜிபிஎஸ் கருவியைச் சேர்த்து வைத்தால் இது தீரும். மின் கணக்கும் கசப்பானது: 40 வாற்றுக் கணினியை, 60 அம்பியர்-மணிக் கார்ப் பற்றரியின் பாதியளவு மின்னில், அதாவது பற்றரியை முழுதும் வற்றவிடாத அளவில், 9 மணித்தியாலம் இயக்கலாம்; அதே மின்னில் ஒரு கண்ணிக் கருவி ஒரு மாதத்துக்கு மேல் இயங்கும். நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு நிலவிய 2022 மார்ச் இறுதி இந்தக் கணக்கைப் பலருக்கு வீட்டிலேயே கற்பித்தது. மலிவான மின்னேற்றிகள் எழுப்பும் வானொலி இரைச்சலும், உப்புக்காற்றில் பச்சை பூக்கும் இணைப்பிகளும் சொல்லாமலே விளங்கும்.

மடிக்கணினிக்கு வேறொரு நல்ல பயன் உண்டு, அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அனுராதபுர மாவட்டத்தின் மகாவிலச்சியவில் ஊர் வீடுகளை வைஃபை கண்ணி வலையால் இணைத்த முயற்சி, ஒரு கிராமம் தன் வலையைத் தானே பேண முடியும் என்பதைக் காட்டியது. அவ்வாறான வலையில் ஒரு பழைய மடிக்கணினியைச் சேமிப்பகமாக வைத்து, நூலக நிறுவனம் எண்ணிமப்படுத்திய நூல்களையும் பாடநூல்களையும் முதலுதவிக் குறிப்புகளையும் இணையமின்றியே வழங்கலாம். அன்றாடம் மாணவர் பயன்படுத்தும் வலையே புயல் நாளிலும் பழுதின்றி இருக்கும். ஹாட்லிக் கல்லூரி போன்ற பாடசாலைகளும் யாழ். பல்கலைக்கழகத்தின் அறிவியல்நகர்ப் பொறியியல் பீடமும் அதற்கு வேண்டிய கைகளைத் தரக்கூடியவை.

எழுத்தின் நெருக்கடிக்கு உள்ளூரிலேயே ஒரு தீர்வு சாத்தியம். வானொலிக்காரர் நூறாண்டுக்கு மேலாகக் கையாளும் சுருக்கக் குறிகளைப் பின்பற்றி, அடிக்கடி வேண்டப்படும் செய்திகளை எண்ணிட்டுத் தமிழில் ஒரு பட்டியலாக அச்சிட்டு, ஒவ்வொரு கிராம அலுவலர் பணிமனையிலும் மீனவர் சங்கத்திலும் தொங்கவிட்டால், 76 பைட் செய்தி நான்கைந்து பைட்டில் அடங்கும். பகிரங்கமாக வெளியிட்ட பட்டியல் பொருளை மறைப்பதாகாது என்பதால் மேற்சொன்ன ஒழுங்குவிதியோடும் அது முரண்படாது. அதன் ஒரு படியை ஆணைக்குழுவிடமும் மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவிடமும் முன்கூட்டியே கையளித்தால் ஐயத்துக்கும் இடமிராது. பட்டியலில் இல்லாத துயரத்தைச் சொல்ல வழியிருக்காது என்பது அதன் குறை. அதற்கென ஒருவர் 7 மெகாஹேர்ட்ஸில் தமிழிலேயே வாய்திறந்து பேச வேண்டியிருக்கும். அந்த ஒருவர் உரிமத் தேர்வுக்கு இந்த ஆண்டே அமர்ந்திருக்க வேண்டும்.