எல்லை தாண்டும் சிகிச்சை, எல்லையில் நிற்கும் புகார்

"பெங்களூருக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்று ஓசூரில் ஒருவர் சொன்னால், கேட்பவர் மேற்கொண்டு விளக்கம் கேட்பதில்லை. சிப்காட் ஆலையில் கை நசுங்கினாலும், தேசிய நெடுஞ்சாலை 44-இல் வண்டி மோதினாலும், ஆம்புலன்ஸ் ஜூஜூவாடியையும் அத்திப்பள்ளியையும் தாண்டி பொம்மசந்திராவுக்கோ கோரமங்களாவுக்கோ விரைகிறது. போகும்போது யாருக்கும் மாநில எல்லை கண்ணில் படுவதில்லை. சிகிச்சையில் தவறு நடந்துவிட்டது என்று குடும்பம் சந்தேகப்படும் நாளில்தான் அது குறுக்கே வந்து நிற்கிறது.

மருத்துவரின் தொழில் நடத்தையை மருத்துவர்களே கூடி விசாரிப்பது நம் நாட்டு முறை. 1914-ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டத்திலிருந்தே இங்கு அதற்கு வேர் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. நசுங்கிய கையில் அறுவைக்குப் பின் சீழ் வைத்தால் அது காயத்தின் இயல்பா, கவனக்குறைவா என்பதை அத்தகைய கைகளுக்குச் சிகிச்சை செய்தவரே சொல்ல முடியும். பதிவை நிறுத்திவைக்கும், நீக்கும் அதிகாரமும் மாநில மருத்துவ கவுன்சிலிடம்தான் இருக்கிறது. நஷ்டஈடு வழங்கும் நுகர்வோர் மன்றத்துக்கு அது கிடையாது. போலீஸ் வழக்கு இதற்கு மாற்றாகாது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், மருத்துவர் மீது குற்ற நடவடிக்கை எடுக்குமுன் சார்பற்ற மருத்துவக் கருத்தைப் பெற வேண்டும் என்றது. சரியான தீர்ப்பு. ஒவ்வொரு சாவுக்கும் காவல் நிலையம் என்றால், சிறிய மருத்துவமனைகள் சிக்கலான நோயாளியைத் தொடவே அஞ்சி, எல்லோரையும் பெங்களூருக்கே எழுதிக் கொடுத்துவிடும்.

ஆனால் இந்த முறை எல்லையோரத்துக்குப் பொருந்தாமல் தடுமாறுகிறது. மருத்துவர் எந்த மாநிலத்தில் பதிவு செய்திருக்கிறாரோ அந்த மாநில கவுன்சிலில்தான் புகார் கொடுக்க வேண்டும். ஓசூர் மருத்துவர் மீதான புகார் 300 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னைக்குப் போகிறது. பெங்களூர் மருத்துவர் மீதான புகார் 40 கிலோமீட்டரில் இருந்தாலும் வேறொரு மாநிலத்தின் கவுன்சிலுக்கு. ஓசூரில் முதலுதவி, பெங்களூரில் அறுவை என்றால் இரண்டு புகார், இரண்டு விசாரணை. ஒவ்வொரு கவுன்சிலும் தன் பதிவேட்டில் உள்ளவரின் பங்கை மட்டுமே பார்க்கும். நோயாளி கைமாறிய அந்த இடைநேரத்தில் நடந்த தாமதம் யார் கணக்கு? அதை ஒன்றாக வைத்துப் பார்க்க யாரும் இல்லை. என் பார்வையில் இம்முறையின் ஆகப் பெரிய ஓட்டை இதுதான்.

நோயாளியை வேறு மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டில் இந்த ஓட்டை இன்னும் தெளிவாகத் தெரியும். நோயாளி வந்த நேரம், புறப்பட்ட நேரம், கட்டுப் போட்ட நேரம், கொடுத்த மருந்து ஆகிய நான்கும் அதில் எழுதப்பட்டிருந்தால் பாதி விவாதம் தீர்ந்துவிடும். 'மேல் சிகிச்சைக்கு' என்ற ஒற்றை வரியும் படிக்க முடியாத கையெழுத்தும் மட்டும் இருந்தால், எவ்வளவு நேர்மையான விசாரணையும் ஊகத்தில்தான் முடியும். 2002-ஆம் ஆண்டின் தொழில் நடத்தை விதிகள் பதிவு எண்ணை மருந்துச் சீட்டில் குறிக்கச் சொல்கின்றன. உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டு காக்கவும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவும் சொல்கின்றன.

மேல்முறையீட்டில் அநீதி வெளிப்படையானது. 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, மாநில கவுன்சிலின் நடவடிக்கையை எதிர்த்து மேலே போகும் உரிமையை மருத்துவருக்குத் தருகிறது. புகார் தள்ளுபடியான நோயாளியைப் பற்றி அப்பிரிவு பேசவில்லை. 2023 ஆகஸ்டில் வந்த புதிய நடத்தை விதிகளும் அதே மாதத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டன.

நோயாளிக்கு வழி திறப்பதில் நுகர்வோர் சட்டம் முன்னே போய்விட்டது. மருத்துவமும் சேவையே என்று 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பானது. கட்டணமே வாங்காத அரசு மருத்துவமனை அதில் வராது; ஆனால் இ.எஸ்.ஐ. மருத்துவமனை வரும் என்று 2007-இல் கிஷோர் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் போகும் ஓசூர் தொழிலாளிக்கு இதைவிடப் பயனுள்ள தீர்ப்பு வேறில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்றது. பெங்களூரில் நடந்த அறுவைக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். இருந்தாலும் அங்கே கிடைப்பது பணம். தவறிய மருத்துவர் மறுநாளும் அறுவை செய்வதை அது தடுக்காது.

பதிவே இல்லாத போலி மருத்துவர் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக்குள் வரவே மாட்டார். தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் அவருக்கு ஓராண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு.

மருத்துவரை மருத்துவர் விசாரிக்கும் முறை இருக்கட்டும். ஆனால் நோயாளி வசிக்கும் மாநிலத்திலேயே புகாரைப் பெற வேண்டும். இரு மாநிலச் சிகிச்சை என்றால் இரு கவுன்சில்களும் சேர்ந்து உட்கார வேண்டும். தோற்ற நோயாளிக்கும் மேல்முறையீடு வேண்டும். நுகர்வோர் சட்டத்தால் முடிந்தது மருத்துவச் சட்டத்தாலும் முடியும்.

அதுவரை, ஓசூர், பாகலூர், சூளகிரி மக்களுக்கு ஒரு வேண்டுகோள்: இரு ஊர் மருத்துவமனைகளிலும் ஆவணங்களை எழுத்து மூலம் கேளுங்கள், கேட்ட தேதிக்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். நுகர்வோர் வழக்குக்குக் கெடு இரண்டு ஆண்டுகள்.