ஆய்வரங்கு ஈன்ற நூல்

இலண்டன் பொருளியல் கல்லூரியில் மாலினோவ்சுகி நடத்திய மானிடவியல் ஆய்வரங்கு, முதுநிலை மாணாக்கர் கட்டுரை படித்துத் தடைவிடைகளால் தெளியும் களமாக விளங்கிற்று. 1930-களில் அங்குப் பயின்ற சோமோ கென்யாட்டா, தம் கிக்கூயூ இனத்தாரைப் பற்றி எழுதிய கட்டுரைகளை 1938-இல் ‘கென்யா மலையை நோக்கி’ என்னும் பொருளுடைய ஆங்கிலத் தலைப்பில் நூலாக்கினார். மாலினோவ்சுகியே முன்னுரை வழங்கினார்.

ஆராயப்படும் இனத்தாருள் ஒருவரே ஆராய்வோராய் எழுந்தமையை இந்நூலின் சிறப்பென்பர். அஃது உண்மையே, ஆயினும் நூலின் உயிர்நிலை வேறொன்று என்பது எம் கருத்து. நிலவுரிமை பற்றிய இயலில் ஒரு விலங்குக் கதை வருகின்றது. மழைக்கு ஒதுங்கத் துதிக்கையளவு இடங்கேட்ட யானை, குடிசைக்குரியவனையே வெளியேற்றுகின்றது. வழக்கை ஆராயும் குழுவிலும் விலங்குகளே அமர்கின்றன. குடியேற்ற ஆட்சியின் நீதியை இதனினும் கூர்மையாக உணர்த்தல் அரிது. ஆய்வுரையுள் கதை புகுதல் குற்றமன்று. ஈண்டு அதுவே சான்றாகின்றது.

குறையும் உண்டு. பெண்டிர்க்குச் செய்யும் உறுப்பறுப்புச் சடங்கை இனவொருமைக்கு இன்றியமையாததென அவர் வாதிடுகின்றார். அங்குப் பெண்டிர்க்காகவும் ஆடவர் ஒருவரே பேசுகின்றார். பேசாதிருந்த இனத்திற்கு நாவளித்த அரங்கிலும், பேசாதார் எஞ்சினர். தடைவிடை நிகழ்த்துவோர், ‘இங்குப் பேசாதார் யாவர்?’ என்னும் தடையையும் எழுப்புதல் வேண்டும்.