காரையில் ஒரு கடல்

பெரம்பலூர் பக்கம் காரை என்ற ஊரையொட்டி, மழை அரித்த செம்மண் மடிப்புகள். பார்த்தால் வறண்ட பொட்டல். ஆனால் குனிந்து தேடினால் கிடைப்பதெல்லாம் கடல் சாமான். அதிலும் அம்மோனைட்டுகள்! கணவாய்க்கு உறவான, அடியோடு அழிந்துபோன உயிர். ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட ஓடு. ஓட்டுக்குள் அறைகளைப் பிரிக்கும் தடுப்புகளின் ஓரக்கோடு கல்லிலும் அழியவில்லை. எந்தச் சிற்பியும் பொறாமைப்படுவான்.

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியக் காலத்தில், இங்கே கடல் இருந்தது. செத்த ஓட்டைச் சேறு மூடியது, சேறு பாறையானது, கடல் பின்வாங்கியது. அரியலூர்க் கல்லங்குறிச்சியில் சிப்பிகள் பாளம் பாளமாகவே கிடக்கின்றன. அந்தச் சிப்பிச் சுண்ணாம்புக்கல்லைத்தான் வெட்டி, அரைத்து, சிமெண்ட்டாக்கி வீடு கட்டுகிறோம்.