ஒபெத்தாயா ஃபோவாயி: ஒப்பாரி தாலாட்டான கதை

ஒபெத்தாயா ஃபோவாயியைப் பற்றி எழுதுவோர் பலரும் அவரைச் சமோவா நாட்டு இசைக்கலைஞர் என்றே அறிமுகஞ் செய்வர். இதிற் பிழையில்லை, ஆயினும் முழு உண்மையும் இதில் இல்லை. சமோவாவிலுள்ள அலமாங்கோத்தோ என்னும் ஊரிலே பிறந்தவர் அவர். தந்தையார் தொக்கெலாவுத் தீவினர். தாயார் துவாலுத் தீவினர். ஒன்பது வயதில் நியூசிலாந்துக்குப் பெயர்ந்து, ஒக்லாந்து நகரின் மேற்குப் பகுதியில் வளர்ந்தார். ஒரு மனிதனின் பிறப்புரிமையை நான்கு நிலங்கள் பங்கிட்டுக்கொள்ளும்போது, அவனுடைய கலை மரபு எது என்ற வினா எளிதில் விடைகாணக் கூடியதன்று. பசிபிக் மக்களின் அண்மைக்கால வரலாறே அவ்வினாவுக்குள் அடங்கிக் கிடக்கின்றது.

அவர் எந்த மொழியிற் பாடினார் என்பதை முதலில் நோக்குவோம். சமோவா மொழி அவருக்கு வாய்த்த மொழி. தொக்கெலாவிலும் துவாலுவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கிறித்தவத்தைப் பரப்பிய உபதேசியார்களிற் பலர் சமோவாவிலிருந்து சென்றவர்கள்; சமோவா மொழி வேதாகமமே அங்கு நெடுங்காலம் ஓதப்பட்டது. தேவாலயத்தின் மொழி சமோவா மொழியாகவும், ஆட்சியினதும் கூலியினதும் மொழி ஆங்கிலமாகவும் இருக்க, தொக்கெலாவு மொழி வீட்டுக்குள்ளும் வள்ளத்திலும் மட்டும் புழங்கும் மொழியாகச் சுருங்கியது. அதாஃபு, நூக்குனோனு, ஃபகாஓஃபோ என்னும் மூன்று பவளத்தீவுகளில் ஏறத்தாழ 1,500 பேரே அதனைத் தாய்நிலத்தில் பேசுகின்றனர். 1966 ஆம் ஆண்டுச் சூறாவளிக்குப் பின்னர் நியூசிலாந்து அரசு நடத்திய குடியேற்றத் திட்டத்தினால் தீவை விட்டுச் சென்றோரும் அவர்தம் மக்களும் இன்று பல மடங்காக அந்நாட்டில் வாழ்கின்றனர். இசைத்தட்டு விற்றுப் பிழைக்க விரும்பும் ஒருவன் தெரிவு செய்யத்தக்க மொழியன்று இது. ஃபோவாயி தம் பாடல்களிற் பெரும்பாலானவற்றுக்கு இதனையே தெரிவு செய்தார். துவாலு மொழியிலும் சமோவா மொழியிலும் இடையிடையே பாடினார்.

1995 இல் அவர் அமைத்த குழுவின் பெயர் 'தெ வாக்கா'. வள்ளம் என்று பொருள். மனைவி நிருவாகத்தைக் கவனிக்க, பிள்ளைகளும் உறவினரும் பாடவும் ஆடவும் முழக்கவும் செய்யும் குடும்பக் குழு அது. 2002 இல் வந்த அவர்களுடைய இசைத்தட்டின் பெயர் 'நூக்கூகேஹே'. வேற்று நிலம் என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். அவ்வேற்று நிலத்தின் தன்மையையும் மறத்தலாகாது. ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில் தீவு மக்களை வரவேற்ற ஒக்லாந்து, பொருளாதாரம் தளர்ந்தவுடன், 1974 தொடக்கம் 1976 வரை, விடியற் பொழுதில் அவர்களுடைய வீட்டுக் கதவுகளைப் பொலிசாரைக் கொண்டு தட்டியது. அதற்கு அரசு மன்னிப்புக் கேட்டது 2021 இலேதான்.

'தெ வாக்கா'வின் இசைக்கு வேராயிருப்பது 'ஃபாத்தெலெ' என்னும் கூட்டுப் பாட்டும் ஆட்டமும். சில அடிகளே கொண்ட சிறு பாட்டை ஊரவர் கூடி மீண்டும் மீண்டும் பாடுவர்; ஒவ்வொரு முறையும் விரைவும் ஓசையும் கூடும்; உச்சத்தை எட்டியதும் சட்டென நின்றுவிடும். பெருகுதல் என்பதே அச்சொல்லின் பொருள். இதற்குத் தாளக் கருவி எது? மரப்பெட்டியும் பிஸ்கற் தகரமும்! ஆடவர் பெட்டியைச் சூழ்ந்திருந்து உள்ளங்கையால் அறைவர். துவாலுவிற் பிறந்து தொக்கெலாவுக்குச் சென்ற இவ்வடிவத்தில், பழைய ஆட்டங்களை ஒடுக்கிய மிசனரிமார் கொண்டுவந்த தேவாலயப் பாடலின் சுர இசைவும் கலந்திருக்கின்றது. கப்பலில் வந்த பெட்டியையும் தேவாலயத்தில் வந்த சுரத்தையும் எடுத்து மக்கள் தமக்கென ஒன்றைச் செய்துகொண்டனர். 'கலப்பற்ற தூய மரபு' என்று மேடைதோறும் முழங்குவோர் இந்தப் பிஸ்கற் தகரத்தைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று. (அத்தகையோர் பசிபிக்கில் மட்டும் வாழ்கின்றனர் என்று நான் சொல்லவில்லை.)

ஃபோவாயி இம்மரபை அப்படியே மேடையேற்றவில்லை. கித்தாரைச் சேர்த்தார், 'பாத்தெ' என்னும் குடைந்த மரமுழவைப் பெருக்கினார், ஃபாத்தெலெயின் படிப்படியான ஏற்றத்தை நான்கு நிமிடப் பாட்டுக்குள் அடக்கினார். இதில் இழப்பும் உண்டு. ஃபாத்தெலெயிற் பாடுவோர், கேட்போர் என்ற பிரிவு பெரிதில்லை. எதிரெதிரே இரு பக்கத்தார் இருந்து ஒருவரையொருவர் விஞ்சப் பாடுவர். மேடையிலோ ஒரு பக்கம் மௌனமாகிவிடுகின்றது. ஐரோப்பிய விழாக்களின் 'உலக இசை'ச் சந்தைக்கேற்ப மெருகிட்ட பாடல்கள் சிலவும் அவரிடம் உண்டு; அவற்றைக் கேட்கையில் முழவின் ஓசை நிற்கிறது, ஊர் நிற்பதில்லை. எனினும் அவருடைய சிறந்த பாடல்கள் வேறு வகையின. 'ஹாலோவா ஒலொஹெங்கா' அவற்றுள் ஒன்று. ஒலொஹெங்கா தொக்கெலாவு மக்கள் தமது நான்காவது தீவாகக் கொள்வது. 1856 இல் அங்கு குடியேறிய அமெரிக்கர் ஒருவரின் குடும்பம் அதனைத் தென்னந்தோட்டமாக்கியது; 1925 இல் ஐக்கிய அமெரிக்கா தன் ஆட்சிக்குள் சேர்த்துக்கொண்டது; 1980 இல் எழுதப்பட்ட உடன்படிக்கையால் தொக்கெலாவின் உரிமைக் கோரிக்கையும் கைவிடப்பட்டது. சட்டத்தில் முடிந்துபோன வழக்கு பாட்டில் முடியவில்லை.

இனி அவரை உலகறியச் செய்த திரைப்படத்துக்கு வருவோம். 2016 இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'மோவானா'வின் பாடல்களை லின்-மனுவல் மிராண்டா, மார்க் மன்சினா ஆகியோருடன் சேர்ந்து ஆக்கியவர் ஃபோவாயி. கடலோடி மூதாதையரின் பெருமையைச் சொல்லும் பாட்டிலே தொக்கெலாவு மொழியும் சமோவா மொழியும் உலகெங்குமுள்ள திரையரங்குகளில் ஒலித்தன. தாய்நிலத்தில் ஏறத்தாழ 1,500 பேரே பேசும் மொழிக்கு இது சிறிய செய்தியன்று. தம் பாட்டியின் மொழியைக் கேட்டு வெட்கப்பட்ட ஒக்லாந்துச் சிறுவன் ஒருவன் அதனைத் திரையிற் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பானாயின், அதை நாம் இகழ்தல் தகாது.

ஆனால், அதே படத்தில் இன்னொரு பாட்டும் உண்டு. குழந்தை மோவானாவைக் கடல் தன் தலைவியாகத் தெரிந்தெடுக்கும் காட்சியில், அலை விலகி வழிவிட, மென்மையான குரல்கள் தாலாட்டுப் போல எழுகின்றன. அந்த மெட்டு படத்துக்கெனப் பிறந்ததன்று. துவாலு நாட்டின் வைத்துப்புத் தீவிலுள்ள மொத்துஃபோவா இடைநிலைப் பாடசாலை, நாட்டின் பல தீவுகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கும் இடம். 2000 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அதன் பெண்கள் விடுதி எரிந்தது. 18 மாணவிகளும் அவர்களைக் கவனித்துவந்த பெண்மணி ஒருவரும் மாண்டனர். பதினோராயிரம் பேர்கூட நிறையாத நாட்டில் 18 மாணவிகள் என்றால், அழாத தீவு எதுவும் இருந்திராது. தாயின் நாட்டில் நிகழ்ந்த அத்துயருக்காக ஃபோவாயி இயற்றிய பாட்டு 'லோயிமாத்தா ஏ மாலிங்கி'. வழிந்தோடும் கண்ணீர் என்பது அதன் கருத்து. அந்த ஒப்பாரியின் மெட்டே புதிய சொற்களை உடுத்திக்கொண்டு திரையிலே தாலாட்டாயிற்று.

இதனைத் துரோகம் என்று நான் கூறமாட்டேன். மெட்டு அவருடையது. இறந்த பிள்ளைகளுக்கான இசையை உயிரோடுள்ள பிள்ளைக்கு அவர் வழங்கினார் என்று கொள்வாரும் கொள்ளலாம். நாட்டார் பாடலிலும் ஒரே மெட்டு தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் வருவதுண்டு. ஆயினும் ஊரிலே மெட்டு மாறும்போது, பழைய பாட்டை அறிந்தவர்களே புதியதையும் கேட்கின்றனர். ஒன்றின் நிழல் மற்றதில் விழுகின்றது. திரையரங்கில் அந்நிழல் விழ வழியில்லை. கோடிக்கணக்கானோர் மெட்டைக் கேட்டனர். மொத்துஃபோவா என்ற பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்? அப்படத்தின் கடலில் வேற்றார் கப்பல் ஒன்றேனும் வருவதில்லை. தொக்கெலாவு மக்களிற் பாதிக்கு அண்மையானோரை 1863 இல் அள்ளிச் சென்ற பெரு நாட்டு அடிமைக் கப்பல்களும் இல்லை, ஆள்பிடிப்பும் இல்லை, ஒக்லாந்தின் ஆலையும் இல்லை. மூதாதையரின் கடற்பயணத்தைப் போற்றும் பெருமுதல், பேரப்பிள்ளைகளின் பயணத்துக்கான காரணத்தைப் பேசாது விடுகின்றது. கதைக்கு அது தேவையில்லை என்பர். படத்தையொட்டி மாவுயி என்னும் தெய்வத்தின் பச்சை குத்திய தோலையே சிறுவர் உடுப்பாகத் தைத்து விற்பனைக்கு வைத்ததும், பசிபிக் மக்களின் கண்டனத்தின்பின் அதனை மீளப்பெற்றதும் கதைக்குத் தேவைப்பட்டனவா?

குறை கலைஞன்மேற் சுமத்தத்தக்கதன்று. இருபதாண்டுக் காலம் நாடு நாடாகச் சென்று பாடியவருடைய மொழியைச் செவிமடுக்க ஒரு பெரு நிறுவனத்தின் முத்திரை உலகத்துக்கு வேண்டியிருந்தது. அம்முத்திரை ஒலொஹெங்காப் பாட்டின்மீது ஒருபோதும் விழப்போவதில்லை. 2024 இல் வந்த இரண்டாம் படத்திலும் ஃபோவாயி பணியாற்றினார். மகள் ஒலிவியா தொக்கெலாவு மொழியிலே தாமாகவும் பாடல்கள் இயற்றிப் பாடிவருகின்றார்.

பிள்ளைகளுக்கு இப்படத்தைக் காட்டும் ஆசிரியர்கள், காட்சி முடிந்த பின்னர் 'லோயிமாத்தா ஏ மாலிங்கி'யையும் ஒருமுறை போட்டுக் காட்டலாம். மெட்டை அவர்கள் உடனே இனங்கண்டுகொள்வர். அப்போது உலகப் படத்தில் வைத்துப்புத் தீவு எங்கே இருக்கின்றதென்று தேடச் சொல்லலாம்.