182 நாள்: வெளிநாட்டு வேலையும் இந்திய வரியும்

வெளிநாட்டில் வேலை உறுதியானதும் விசா, டிக்கெட், தங்குமிடம், ஊருக்குப் பணம் அனுப்பும் வழி என எல்லாவற்றையும் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். இனிமேல் இந்தியாவுக்கு எந்த வருமானத்துக்கு வரி கட்ட வேண்டும் என்பதை மட்டும் பெரும்பாலோர் கேட்பதில்லை. விமானம் ஏறிவிட்டால் இங்கே வரி கிடையாது என்று நம்புகிறவர்கள் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் இருக்கும்வரை எங்கே சம்பாதித்தாலும் கட்டித்தான் ஆக வேண்டும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. நம் வருமான வரிச் சட்டம் முதலில் பார்ப்பது, ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான நிதியாண்டில் ஒருவர் இந்தியாவில் எத்தனை நாள் இருந்தார் என்பதைத்தான்.

இந்த நாள் கணக்கு முறை கொள்கையளவில் நியாயமானது. உழைக்கப் போகிறவருக்குச் சாதகமானது. ஆனால் ஓரிரு நாள் வித்தியாசத்தில் ஒருவரின் ஓராண்டு வருமானம் முழுவதையும் வரிக்குள் இழுத்துவிடக் கூடியது. விதி தெரிந்தவர் தப்பிக்கிறார், தெரியாதவர் மாட்டிக்கொள்கிறார். இதை எப்படிச் சீராக்குவது என்று கேட்டாக வேண்டும்.

முதலில் நிறைகள். பொதுவாக, ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்தவர் ‘வசிப்பவர்’. 60 நாள் இருந்து, அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இருந்திருந்தாலும் வசிப்பவரே. இந்த இரண்டாவது விதி அப்படியே நின்றால், ஜூன் மாதம் வேலைக்குப் புறப்படுகிறவர்கூட மாட்டிக்கொள்வார். அதனால்தான் வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமக்களுக்கு அந்த 60 நாளை 182 ஆகச் சட்டமே உயர்த்தித் தருகிறது. சொந்தத் தொழில் செய்யப் போவதும் வேலைக்குப் போவதாகவே கொள்ளப்படும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது.

‘வசிக்காதவர்’ ஆனவருக்கு இந்தியாவில் விளையும் வருமானத்துக்கு மட்டுமே இங்கே வரி. வீட்டு வாடகை, வசிக்காதவர் இங்கே வைத்திருக்கும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கின் வட்டி, நிலம் விற்ற லாபம் போன்றவை அதில் வரும். சவூதியில் உழைத்துப் பெற்ற சம்பளம் வராது. அதை அங்கே பெற்றுக்கொண்டு ஊருக்கு அனுப்பினாலும் வராது. அமெரிக்காவோ தன் குடிமக்கள் உலகின் எந்த மூலையில் சம்பாதித்தாலும் கணக்குக் கேட்கிறது. நம்மைப் போலவே ஏராளமானோரை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் பிலிப்பைன்ஸும் 1997 வரை அந்த வழியில்தான் இருந்தது; பிறகு கைவிட்டது. யார் சாலையில் நடக்கிறாரோ, யார் மருத்துவமனையைப் பயன்படுத்துகிறாரோ, அவர் அந்த நாட்டுக்கு வரி கட்டட்டும் என்ற எண்ணமே நாள் கணக்கின் உயிர். கணக்கிடுவதும் எளிது. பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரைகளை வைத்து எவரும் எண்ணிவிடலாம்.

திரும்பி வருகிறவரிடமும் சட்டம் பரிவு காட்டுகிறது. முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் வசிக்காதவராக இருந்தாலோ, முந்தைய ஏழு ஆண்டுகளில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இங்கே இராவிட்டாலோ, அவர் ‘சாதாரணமாக வசிக்காதவர்’ என்ற இடைநிலையில் வைக்கப்படுகிறார். அந்த ஓரிரு ஆண்டுகளுக்கு அவருடைய வெளிநாட்டு வருமானம் பெரும்பாலும் தொடப்படுவதில்லை. பல ஆண்டு உழைத்துத் திரும்புகிறவர் மூச்சுவிட்டுக்கொள்ள இது உண்மையான அவகாசம்.

இனி குறைகள். முதலாவது, புறப்படும் தேதி. ஏப்ரல் 1இலிருந்து எண்ணினால் 182ஆவது நாள் செப்டம்பர் 29. ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்த இரண்டு பொறியாளர்கள் 2025இல் துபாய்க்குப் போனார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் செப்டம்பர் 25இல் புறப்பட்டார். மற்றவர் அக்டோபர் 5இல். இருவருக்கும் அந்த நிதியாண்டில் இந்தியச் சம்பளம் 6 லட்சம், துபாய்ச் சம்பளம் 12 லட்சம். புதிய வரி முறையில் நிலைக்கழிவு 75,000 போக, முதலாமவருக்கு இந்தியச் சம்பளத்துக்கு மட்டும் வரி: செஸ் சேர்த்து 6,500 ரூபாய். இரண்டாமவர் ஆண்டு முழுவதும் வசிப்பவர் ஆகிவிடுவதால் 18 லட்சமும் கணக்கில் வரும்: வரி 1,50,800 ரூபாய். பத்து நாள் தாமதத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம்.

ஜெர்மனி போன்ற நாட்டுக்குப் போயிருந்தால் அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம். துபாயில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லாததால் கழிக்க ஒன்றுமில்லை. அமீரகத்துடனான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தமும் கைகொடுக்காது. ஒரு நாட்காட்டி ஆண்டில் 183 நாளாவது அங்கே இருந்தவரையே அது அமீரகவாசியாக ஏற்கிறது. அக்டோபரில் போனவருக்கு டிசம்பர் வரை மூன்று மாதம்கூட நிறையாது. இந்த இடத்தில் சட்டத்துக்கு நியாயம் சொல்வது கடினம். மனிதர் இங்கே இருந்து போனது ஒரு நாளில். ஆனால் சட்டமோ அவரை ஓராண்டு முழுவதும் இங்கே இருந்தவராகவே பார்க்கிறது.

இதே மனிதரை அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா வேறு விதமாகப் பார்க்கிறது. வேலைக்காக வெளிநாடு போனவர் புறப்பட்ட நாளிலிருந்தே அதன் பார்வையில் வசிக்காதவர். ஆகவே அவர் தம் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றியாக வேண்டும். ஒரே ஆள் அக்டோபரில் வங்கிக்கு வெளிநாட்டுவாசி, வரித்துறைக்கு உள்நாட்டுவாசி. பழைய கணக்கை அப்படியே பல ஆண்டுகள் ஓட்டிவிடுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். எந்தச் சட்டம் எதைக் கேட்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

இரண்டாவது குறை, ஓட்டையை அடைக்கப் போன இடத்தில் சட்டம் குழம்பியது. எந்த நாட்டிலும் வரி கட்டாமல் நாள்களை எண்ணி எண்ணித் தப்பிக்கும் பெரும் பணக்காரர்களைப் பிடிக்க 2020 பட்ஜெட் ஒரு வழி தேடியது. வேறெங்கும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகன் வசிப்பவராகவே கருதப்படுவார் என்று மசோதா சொன்னது. வளைகுடா முழுக்கப் பதற்றம். கேரளத்திலிருந்து கடும் எதிர்ப்பு. மறுநாளே, நேர்மையாக உழைக்கும் தொழிலாளரைக் குறிவைக்கவில்லை என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் விளக்கம் அளித்தது. இறுதிச் சட்டத்தில், வெளிநாட்டு வருமானம் நீங்கலாக 15 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு மட்டும் இது பொருந்தும் என வரம்பு வந்தது. அப்படிக் கருதப்படுகிறவரும் ‘சாதாரணமாக வசிக்காதவர்’ நிலையிலேயே இருப்பதால் அவருடைய வெளிநாட்டுச் சம்பளம் தப்பிவிடுகிறது. அதே 15 லட்ச வரம்பைத் தாண்டியவர் விடுமுறைக்கு வந்து தங்கும் நாள்களின் எல்லை 182இலிருந்து 120 ஆகக் குறைந்தது. நோக்கம் சரியானதே. ஆனால் எளிமைதான் நாள் கணக்கின் பெரிய பலம். ஒவ்வொரு திருத்தமும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே வருகிறது.

மூன்றாவது குறையே எனக்கு மிகவும் உறுத்துவது. வசிக்காதவர் ஆனவரை, இங்குள்ள சொத்து விஷயத்தில் சட்டம் நம்ப மறுக்கிறது. அவர் 60 லட்சத்துக்கு வாங்கிய அடுக்குமாடி வீட்டைச் சில ஆண்டுகள் கழித்து 80 லட்சத்துக்கு விற்கிறார் என்று கொள்வோம். லாபம் 20 லட்சம், 12.5 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்த்து ஏறத்தாழ 2,60,000. ஆனால் லாபம் எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரியாததால், நடைமுறையில் முழு விலைக்கும், சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து, 14.3 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டிய வரிப்பிடித்தம்) பிடிக்கிறார்கள். அது 11,44,000 ரூபாய். உள்ளூர்க்காரர் விற்றிருந்தால் 1 சதவீதம், அதாவது 80,000 மட்டுமே பிடித்திருப்பார்கள். மீதியைத் திரும்பப் பெற ரிட்டர்ன் தாக்கல் செய்து காத்திருக்க வேண்டும். குறைந்த பிடித்தத்துக்கான சான்றை முன்கூட்டியே வருமான வரித்துறையிடம் வாங்க வழி இருக்கிறது. பத்திரப்பதிவு நெருங்கும்வரை அதைப் பலரும் கேள்விப்படுவதில்லை.

வரிச்சலுகையிலும் இதே பாகுபாடு. புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்ற தள்ளுபடி வசிக்காதவருக்குக் கிடையாது. வாடகை மூலம் 8 லட்சம் வரிக்குரிய வருமானம் உள்ள உள்ளூர்க்காரர் ஒன்றும் கட்ட வேண்டாம். அதே தொகைக்கு வசிக்காதவர் 20,800 கட்ட வேண்டும். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலத்தையோ வீட்டையோ விற்கும்போது பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் கட்டும் மாற்று வழியும் உள்நாட்டவருக்கு மட்டுமே. வெளிநாட்டுச் சம்பளத்தை விட்டுக்கொடுக்கிறோம், ஆகவே இங்கே சலுகை இல்லை என்று அரசுத் தரப்பில் ஒரு வாதம் வைக்கலாம். தள்ளுபடி விஷயத்தில் அதில் ஓரளவு நியாயமும் உண்டு. பணவீக்கக் கழிவுக்கு அந்த வாதம் பொருந்தாது. விலைவாசி ஏறியது சொத்து இருக்கும் ஊரில்தானே தவிர, உரிமையாளர் வசிக்கும் ஊரில் அல்ல.

திரும்பி வந்த பிறகும் ஒரு கண்ணி காத்திருக்கிறது. இடைநிலை ஆண்டுகள் முடிந்து முழுமையாக வசிப்பவர் ஆனதும், சிங்கப்பூரில் மூடாமல் விட்ட வங்கிக் கணக்கு முதற்கொண்டு வெளிநாட்டுச் சொத்து எல்லாவற்றையும் ரிட்டர்னில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் வரை அபராதம் வரலாம். அசையாச் சொத்து நீங்கலாக, 20 லட்சத்துக்கு உட்பட்டவற்றுக்கு 2024 அக்டோபரிலிருந்து இதில் விலக்கு தந்தது நல்ல திருத்தம்.

நிறை, குறை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நாள் கணக்கைக் கைவிட வேண்டியதில்லை; அதன் விளிம்பைத் திருத்தினால் போதும். பிரிட்டன் 2013இல் வசிப்பிட விதிகளைச் சட்டமாக்கியபோது, புறப்படும் ஆண்டை இரண்டாகப் பிரித்துக் கணக்கிட இடம் தந்தது. புறப்படும்வரை வசிப்பவர், அதன் பிறகு வசிக்காதவர். இதை இந்தியாவும் ஏற்றால் செப்டம்பர், அக்டோபர் வேறுபாடு மறைந்துவிடும். ஃபெமாவுடனான முரணும் குறையும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கென இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு நல்ல வாய்ப்பாக இருந்தது. ஆனால் சொற்களை எளிமையாக்கிய அந்தச் சட்டம், நாள் கணக்கின் சாரத்தை மாற்றாமலே விட்டுவிட்டது. சொத்து விற்பனையில் லாபத்துக்கு மட்டும் பிடித்தம் என்பது விதிவிலக்காக இல்லாமல் வழக்கமாக வேண்டும்.

சட்டம் திருந்தும்வரை தகவலாவது முன்னால் போய்ச் சேர வேண்டும். 1978இல் தமிழக அரசு தொடங்கிய அயல்நாட்டு மனிதவள நிறுவனம் இருக்கிறது. அயலகத் தமிழர் நலனுக்கென ஆணையரகமும் இருக்கிறது. புறப்படுகிற ஒவ்வொருவர் கையிலும் தமிழில் ஒரே ஒரு பக்கம் தரலாம்: எந்தத் தேதிக்குள் கிளம்பினால் என்ன நிலை, எந்த வங்கிக் கணக்கை மாற்ற வேண்டும், இங்கே வருமானம் இருந்தால் எப்போது ரிட்டர்ன், சொத்தை விற்கும் முன் எந்தச் சான்று. ஆடிட்டர் வைத்துக்கொள்ள வசதியுள்ளவருக்கு இவை ஏற்கெனவே தெரியும். ஓட்டுநராகவும் செவிலியராகவும் வெல்டராகவும் போகிறவருக்கும் அதே அறிவு கிடைத்தால்தான் இந்த முறையை நியாயமானது என்று முழு மனதோடு சொல்ல முடியும்.