ஜாகுவார் இ-டைப்: அசலைக் கண்டறிதல்

ஜாகுவார் இ-டைப் 1961 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி, 1974 வரை மூன்று தொடர்களாக வெளிவந்தது. சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவது முதல் தொடரின் 3.8 லிட்டர் கார்களுக்கு, அதிலும் தொடக்கக் கால வண்டிகளுக்கு. ஒட்டுவேலைகள் மலிந்திருப்பதும் அங்கேதான்.

முதலில் பார்க்க வேண்டியவை எண்கள். 3.8 கார்களில் வலப்பக்க ஸ்டியரிங் உள்ள திறந்த வண்டியின் சேசிஸ் எண் 850001-லும், கூப்பேயின் எண் 860001-லும் தொடங்குகின்றன. இடப்பக்க ஸ்டியரிங் வண்டிகளுக்கு இவை முறையே 875001, 885001. ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் இன்ஜின் எண், ஆயில் ஃபில்டருக்கு மேலே பிளாக்கிலும், சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கத்திலும் குத்தப்பட்டிருக்கும். இரண்டும் வேறுபட்டால் ஹெட் மாறியிருக்கிறது என்று பொருள். சேசிஸ் எண்ணில்தான் சிக்கல். அது குத்தப்பட்டுள்ள முன்சட்டம் போல்ட்டில் நிற்பது. விபத்துக்குப் பின் அதையே மாற்றிவிடலாம். எண் பொறித்த தகடும் புதிதாகச் செய்து விற்கப்படுகிறது. அதனால் ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் தரும் சான்றிதழோடு சேசிஸ், இன்ஜின், பாடி, கியர்பாக்ஸ் எண்கள் நான்கையும் ஒப்பிடாமல் வண்டியை அசல் என்று ஏற்கக் கூடாது. முதல் பெயின்ட் நிறமும் அதில் இருக்கும்.

அடுத்தது உடல். முதல் 500 வண்டிகள் அளவில் பானட்டின் பூட்டு வெளியே இருந்தது. பக்கவாட்டில் உள்ள சிறு துளையில் ‘டி’ வடிவச் சாவியை நுழைத்துத் திறக்க வேண்டும். பானட்டின் காற்றுத் துளைகள் தனித் தகடாக வெல்டிங் செய்யப்பட்டிருந்தன. பின்னர் பானட்டோடு சேர்த்தே அச்சில் அழுத்தப்பட்டன. பானட்டைத் தூக்கி அடிப்புறத்தைத் தடவினால் இணைப்பு கைக்குத் தட்டுப்படும். கால் வைக்கும் பள்ளமில்லாத தட்டைத் தரை 1962 வரை மட்டுமே. தரைத் தகடு தனியாகக் கிடைப்பதால், கம்பளத்தைத் தூக்கி வெல்டிங்கைப் பார்க்காமல் இதை நம்பிவிட முடியாது.

கியர்பாக்ஸை ஓட்டித்தான் அறிய வேண்டும். 3.8-இன் பெட்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி உருளும்போது அதைப் போட்டால் பல் உராயும். உராயாமல் விழுந்தால், 1964 அக்டோபரில் வந்த 4.2-இன் பெட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓட்டுவதற்கு அந்த மாற்றம் சுகமே; விலை பேசும்போது அது குறை.

ஹெட்லைட்டின் கண்ணாடி மூடியை நம்பவே கூடாது. 1967-68 வண்டிகளில் அது நீக்கப்பட்டது; அந்த வண்டிகளுக்குப் பின்னாளில் மூடி பொருத்தி முந்திய தொடராகக் காட்டுவது எளிது.